மஸ்கட் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மஸ்கட்டில் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, நவம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் விசாரணை தொடங்கிவிடும். சித்தப்பா மகன், கல்லூரி நண்பன், நண்பனுடைய மாமனார் என்று ஆள் மாறும். கேள்வி மட்டும் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

துபாய் பார்த்தாகிவிட்டது. மஸ்கட்டில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

உயரமான கட்டடம் தேடி வந்தால் ஏமாற்றம்தான். இங்கே கட்டடங்கள் தாழ்வாக, வெள்ளையிலும் மணல் நிறத்திலும்தான் இருக்கும். நகராட்சி விதியே அப்படி. கண்ணாடிக் கோபுரத்துக்குப் பதிலாக மலை இருக்கிறது. மரம் செடி எதுவும் இல்லாத, கருகிய வெல்லம் போன்ற பழுப்புப் பாறை. ஒரு பக்கம் அந்த மலை, மறுபக்கம் கடல், இடையில் கிடைத்த இடுக்கில் ஊர்.

அந்தப் பாறையைச் சும்மா கடந்துபோக வேண்டாம். அதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த தரையும், அதற்கும் கீழே இருந்த பூமியின் உட்பாறையும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கண்டங்கள் நெருக்கித் தள்ளியதில் மேலே ஏறி வந்துவிட்டது. வேறு நாடுகளில் கப்பலில் போய்த் துளை போட்டு எடுக்க வேண்டிய கல்லை, இங்கே காரை ஓரம் கட்டிவிட்டுக் கையால் தொடலாம். உலகம் முழுவதிலிருந்தும் நிலவியல்காரர்கள் இங்கே வருவது இதற்காகத்தான்.

எந்த மாதம் வரலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. அக்டோபரும் ஏப்ரலும் சுமார். மே முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரியைத் தாண்டும், கூடவே கடலோரப் புழுக்கம்; கண்ணாடி போட்டவர் காரிலிருந்து இறங்கினால் கண்ணாடி பனித்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பச்சைப் பசேல் என்று படங்களில் வருவது தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சலாலா. அந்தப் படத்தைப் பார்த்து ஜூலையில் மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். நான்கு நாளும் மாலில்தான் இருந்தார்கள்.

குளிர்காலத்திலும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: காலை ஆறரை முதல் பதினொன்று வரை ஒரு பொழுது, மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரை இன்னொரு பொழுது. நடுவே சாப்பாடு, தூக்கம். ஊர்க்காரர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். கடைவீதியே மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும். கீழே சொல்லும் எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

விசா, விடுமுறை நாள், போக்குவரத்து எல்லாம் எப்படி?

விசா இணையத்திலேயே எடுக்கலாம். ராயல் ஓமன் போலீஸின் தளத்தில் நேராக விண்ணப்பியுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் போடும் முன் அதே தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி காலை பெரும்பாலான இடங்கள் மூடியிருக்கும்.

ஊரைப் பற்றிப் பலருக்கும் புரியாத ஒன்று, அது நீளவாக்கில் கிடக்கிறது என்பது. மேற்கே சீப், நடுவில் குரும், கிழக்கே ருவி, மத்ரா, கடைசியில் பழைய மஸ்கட். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நடந்து பார்க்கும் ஊர் இல்லை. முவாசலாத் பேருந்து சுத்தமாகவும் மலிவாகவும் இருக்கும், ஆனால் எல்லா இடத்துக்கும் போகாது. நான்கு பேர் என்றால் வாடகைக் கார்தான் கட்டுபடியாகும். டாக்ஸி என்றால் செயலியில் அழையுங்கள். தெருவில் கை காட்டி நிறுத்தினால், ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரு ரியால் என்பது ஆயிரம் பைசா. அரை ரியால் நோட்டை நூறு ரூபாய்க்கும் மேல் என்று மனதில் மாற்றிக்கொண்டால் கை தானாகச் சிக்கனமாகும்.

பெரிய பள்ளிவாசலுக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் போகலாமா?

போகலாம். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் சனி முதல் வியாழன் வரை காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை எல்லோருக்கும் அனுமதி உண்டு. வெள்ளியன்று இல்லை. எட்டு மணிக்கே வாசலில் நில்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்துவிடும்.

பெண்கள் தலையை மூடி, மணிக்கட்டும் கணுக்காலும் மறைய உடுத்த வேண்டும். சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மெல்லிய துணி என்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே அபாயா வாடகைக்குக் கிடைக்கும். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை கட்டாயம்.

2001-இல் திறந்தது. கட்டியதற்கான மணற்கல் 3 லட்சம் டன், அத்தனையும் இந்தியாவிலிருந்து போனது. உள்ளே ஆண்கள் தொழும் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளம் ஒரே விரிப்பு, ஏறக்குறைய 70 மீட்டருக்கு 60 மீட்டர், எடை 21 டன். ஈரானில் 600 பெண்கள் நான்கு ஆண்டுகள் முடிச்சுப் போட்டது. முடிச்சுகள் 170 கோடி. அபுதாபி பள்ளிவாசலின் கம்பளம் வரும்வரை உலகத்தில் இதுதான் பெரியது. பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் நடக்க முடியாது. ஓரமாக விரித்த பாதையிலேயே போக வேண்டும். எல்லோரும் அண்ணாந்து 14 மீட்டர் சரவிளக்கைப் படம் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து கம்பளத்தின் பூக்களையும் பாருங்கள். வெளியே வந்ததும் சுற்று மண்டபத்தில் நடந்தால் ஒவ்வொரு மாடத்திலும் ஒரு நாட்டின் ஓட்டு வேலைப்பாடு இருக்கும். அங்கே கூட்டமே இருக்காது.

மத்ராவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

ஒரு முழு மாலைப் பொழுது. ஒரே ஒரு மாலைதான் மஸ்கட்டில் இருக்கிறது என்றாலும் இங்கேதான் அனுப்புவேன்.

நான்கு மணிக்கு மீன் சந்தைப் பக்கம் இறங்கிக் கடலோர நடைபாதையில் நடக்கத் தொடங்குங்கள். (சந்தையைச் சுறுசுறுப்பாகப் பார்க்க ஆசை என்றால் காலை ஏழு மணிக்கு வர வேண்டும். வஞ்சிரத்துக்கு இங்கே கனாத் என்று பெயர். நம்மூரில் கேட்கும் விலையைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம்.) துறைமுகத்தில் பழைய மரக்கலங்களும் சுல்தானின் உல்லாசக் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதிர்ப்பக்கம் மர உப்பரிகை வைத்த வெள்ளை வீடுகளின் வரிசை. அவற்றுக்குப் பின்னால் ஒரு வாசல் தெரியும்: சூர் அல் லவாத்தியா. சிந்துப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வணிகம் செய்யும் லவாத்தியாக்கள் வாழ்ந்த மதிலடைத்த குடியிருப்பு. வெளியாட்கள் உள்ளே போவதில்லை. வாசலோடு நின்றுவிடுங்கள்.

அப்புறம் கடைவீதி, அதாவது மத்ரா சூக். நுழைவாயிலில் வரிசையாக இருப்பதெல்லாம் சால்வை, காந்தப் பொம்மை, சீனத்து விளக்கு. அங்கேயே நின்று வாங்கிவிட்டால் சூக்கைப் பார்த்ததாக ஆகாது. இரண்டு மூன்று திருப்பம் உள்ளே போங்கள். வெள்ளிக் கடைகளில் வளைந்த ஓமானியக் குத்துவாள் கஞ்சர் இருக்கும். நாட்டின் கொடியில் இருப்பதும் அதுதான். மரியா தெரேசா தலை பொறித்த ஆஸ்திரிய வெள்ளி நாணயமும் கிடைக்கும். இந்தப் பக்கமெல்லாம் அது நீண்ட காலம் செல்லுபடியான பணமாக இருந்தது. கூடவே இந்திய ரூபாயும் ஓடியது. 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக ரூபாய் நோட்டு அச்சடித்தது. ஓமன் தன் சொந்த ரியாலை வெளியிட்டது 1970-இல்தான். கடைக்காரத் தாத்தா உங்களிடம் இந்தியில் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம், மலையாளத்தில் பேசினாலும்தான்.

விலை சொன்னால் சிரித்துக்கொண்டே குறைத்துக் கேளுங்கள். ரங்கநாதன் தெரு மாதிரி பாதிக்குப் பாதி கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் வித்தை இங்கே எடுபடாது. பேச்சு மென்மையாகப் போனால் விலையும் இறங்கும்.

இருட்டியதும் வெளியே வாருங்கள். மலைமேல் கோட்டைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள். ரியாம் பூங்கா மேட்டில் ராட்சதத் தூபக்கால் ஒன்று வெள்ளையாக மின்னும். பறக்கும் தட்டு என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

பழைய மஸ்கட்டில் என்ன பார்ப்பது?

1972-இல் கட்டிய அல் ஆலம் அரண்மனை, நீலமும் பொன்னிறமுமாய்க் குடை விரிந்ததுபோல் தூண்கள். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கலாம். அதன் இருபுறமும் பாறைமேல் ஜலாலி, மிரானி என்று இரண்டு கோட்டைகள், இரண்டுமே 1580-களில் போர்த்துகீசியர் எழுப்பியவை. 1507-இல் மஸ்கட்டைப் பிடித்தவர்கள் 1650-இல்தான் துரத்தப்பட்டார்கள். கோட்டைகளைத் துறைமுகப் பக்கத்திலிருந்து காலை வெயிலில் பார்ப்பதுதான் அழகு.

அரண்மனைக்கு நேர் எதிரே 2016-இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். இரண்டரை மணி நேரம் வேண்டும். கடல்வழி வணிகப் பிரிவில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். நேரம் குறைவு என்றால் பக்கத்திலேயே பைத் அல் ஸுபைர் இருக்கிறது; ஒரு குடும்பம் சேர்த்து வைத்த உடை, நகை, வாள், பாத்திரம் எல்லாம் ஒரு வீட்டுக்குள். என் வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்குப் பெரிய அருங்காட்சியகத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் மோத்தீஸ்வர் சிவன் கோயில் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேல் பழையது, குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்த வணிகர்களின் கோயில். 2018-இல் இந்தியப் பிரதமர் வந்து கும்பிட்டுப் போனதில் வெளியே பெயர் தெரிந்தது. சிவராத்திரிக்கு வரிசை தெருவைத் தாண்டும். கிருஷ்ணர் கோயில் தார்செய்ட்டில்; தேவாலயங்கள் ருவியிலும் காலாவிலும்.

தமிழுக்கும் ஓமனுக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் அது மஸ்கட்டில் இல்லை. சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்ற இடத்தில் சும்ஹுரம் என்னும் பழந்துறைமுகம் இருந்தது. 2006-இல் அங்கே தோண்டிய இத்தாலிய அகழாய்வுக் குழுவுக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. தூபப் பிசின் ஏற்றிப்போகும் துறையில் ஒரு கீரன் தன் சட்டியில் பெயரைக் கீறி வைத்திருக்கிறார், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று இருக்கும்.

மஸ்கட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால், அல் புஸ்தான் போகும் வழி ரவுண்டானாவில் ‘சோஹார்’ என்ற மரக்கலம் நிற்கிறது. ஆணியே இல்லாமல், மலபார் மரத்தைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியது. டிம் செவரின் என்பவர் 1980–81-இல் இதில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, வழியில் கோழிக்கோட்டிலும் இலங்கையிலும் தங்கி, சீனத்துக் கான்டன் வரை போனார். காரில் போகிறவர்கள் பெரும்பாலும் அலங்காரப் பொம்மை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

ஓப்பரா ஹவுஸ் போய் நமக்கு என்ன புரியப்போகிறது?

பாட்டு புரியாவிட்டாலும் கட்டடம் புரியும். 2011-இல் திறந்த ராயல் ஓப்பரா ஹவுஸில் 1,100 இருக்கைகள். பகலில் சுற்றிக் காட்டுகிறார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நிகழ்ச்சிக்குப் போவதானால் உடை விஷயத்தில் கண்டிப்பு. செருப்பு, ஜீன்ஸ் ஆகாது.

நடக்கப் பிடிக்கும். மலையில் எங்காவது ஏறலாமா?

ரியாம் பூங்காவுக்குப் பின்னாலிருந்து மத்ரா வரை ஒரு பழைய ஒற்றையடிப் பாதை போகிறது; மலையேற்றக்காரர்கள் சி 38 என்பார்கள். இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்ற இறக்கம் இருப்பதால் இரண்டு மணி நேரம் ஆகும். பாறைகளில் பட்டையாக வண்ணம் அடித்து வழி காட்டியிருப்பார்கள்; ஐந்து நிமிடமாக அது கண்ணில் படவில்லை என்றால் வழி தவறிவிட்டது, திரும்புங்கள். ஒரு இடத்தில் மேட்டிலிருந்து கீழே கடல் மொத்தமும் தெரியும், அப்புறம் பாழடைந்த பழைய குடியிருப்பைத் தாண்டி மத்ராவில் இறங்குவீர்கள். ஷூ வேண்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் குரும் கடற்கரையில் நடக்கட்டும். பக்கத்திலேயே அலையாத்திக் காடு இருக்கிறது, பிச்சாவரம் அளவுக்கு எதிர்பார்க்காமல் போனால் கொக்கும் நாரையும் பார்க்கலாம்.

கடலில் இறங்க எந்த இடம் நல்லது?

தைமானியாத் தீவுகள். பார்க்கா கரைக்கு எதிரே ஒன்பது சின்னத் தீவுகள், பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம். அல் மௌஜ் படகுத்துறையிலிருந்தும் சீப்பிலிருந்தும் காலையில் படகு கிளம்பும். முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தாலே பவளமும் ஆமையும் தெரியும். நீச்சல் தெரியாதவர்களும் மிதவைச் சட்டையோடு இறங்குகிறார்கள். மே முதல் அக்டோபர் வரை ஆமையும் பறவையும் முட்டையிடும் காலம், தீவில் காலே வைக்க முடியாது, படகிலிருந்து கடலில் மட்டும் இறங்கலாம். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு பயனில்லை.

டால்பின் பார்க்க மட்டும் ஆசை என்றால் கிழக்குப் பக்கம் பந்தர் அல் ரௌதாவிலிருந்து இரண்டு மணி நேரப் படகு போதும்.

‘வாடி’ என்கிறார்களே, அது என்ன?

நம் காதுக்கு யாரையோ கூப்பிடுவது போலிருக்கும். மலைகளுக்கு இடையே ஓடும் காட்டாற்றுப் பள்ளத்தாக்குக்கு அரபியில் அதுதான் பெயர். பல வாடிகள் ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும், சிலவற்றில் எப்போதும் தண்ணீர் உண்டு.

மஸ்கட்டிலிருந்து ஒருநாளில் போய்வரச் சிறந்தது சூர் நகருக்குப் போகும் சாலையில் இருக்கும் வாடி ஷாப், ஒன்றரை மணி நேரப் பயணம். முதலில் சின்னப் படகில் ஓடையைக் கடக்க வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் பாறை நடை. கடைசியில் பச்சைத் தண்ணீர்க் குட்டைகளை நீந்திக் கடந்தால், தலை மட்டும் நுழையும் ஒரு பிளவு. அதற்குள் குகை, குகைக்குள் அருவி. நீச்சல் தெரியாமல் கடைசிப் பகுதிக்குப் போகவே கூடாது. போகும் வழியில் பிம்மா பள்ளம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை இடிந்து விழுந்து உண்டான குழியில் நீலப்பச்சைத் தண்ணீர், இறங்கப் படிக்கட்டு உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கேயே நின்றுவிடலாம்.

இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ மலையில் பெய்த மழை வாடியில் சுவர்போல் வெள்ளமாக வந்து இறங்கும். வறண்ட மலை, தண்ணீரைக் குடிக்க மண்ணே இல்லை. மழை எச்சரிக்கை இருக்கிற நாளில் வாடிக்குள் கால் வைக்காதீர்கள். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால், முன்னால் போன வண்டி தாண்டிவிட்டது என்பதற்காக நீங்களும் இறக்காதீர்கள்.

நிஸ்வாவும் ஜெபல் அக்தரும் ஒரே நாளில் முடியுமா?

நிஸ்வா கோட்டையுள்ள பழைய ஊர், ஜெபல் அக்தர் அந்தப் பக்கத்து மலை. ஒரே நாளில் முடியும், ஆனால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. ஓர் இரவு அங்கே தங்குங்கள். வியாழன் இரவு நிஸ்வாவில் படுத்து, வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆட்டுச் சந்தைக்குப் போங்கள். வாங்குகிறவர்கள் வட்டமாக நிற்க, விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலையைக் கத்தியபடி நடுவில் சுற்றிவருவார்கள். எட்டரைக்கெல்லாம் சந்தையின் சூடு தணிந்துவிடும். பக்கத்துக் கோட்டையின் வட்டக் கோபுரம், மஸ்கட்டிலிருந்து போர்த்துகீசியரைத் துரத்திய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது.

ஜெபல் அக்தருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால்தான் அடிவாரத்துக் காவல் சாவடியில் விடுவார்கள். மேலே ஏறினால் பத்துப் பதினைந்து டிகிரி குறையும். ஏப்ரலில் படிக்கட்டு வயல்களில் ரோஜா பூக்கும், அதைக் காய்ச்சிப் பன்னீர் இறக்குவார்கள். மலையேறும் முன், அடிவாரத்து பிர்கத் அல் மௌஸில் பேரீச்சந்தோப்புக்குள் ஓடும் அஃப்லாஜ் வாய்க்காலைப் பாருங்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து அஃப்லாஜ்களில் அதுவும் ஒன்று.

சாப்பாடு?

இட்லி தோசைக்கு ருவி இருக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் மூன்று வேளையும் அங்கேயே ஒதுங்காதீர்கள். சாலையோரம் கரியில் சுடும் இறைச்சித் துண்டுகளான மிஷ்காக், இறைச்சியில் மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து மண்ணடி அடுப்பில் நாள் கணக்கில் வேகும் ஷுவா, இரண்டையும் தவறவிடக் கூடாது. எங்கே போனாலும் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்ற காபியும் நீட்டுவார்கள். சின்னக் கோப்பை, காலியானால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். இது தெரியாமல் என் மாமா ஒன்பது கோப்பை குடித்தார்.

பெண்கள் தனியாக வரலாமா? வேறு கட்டுப்பாடுகள்?

தாராளமாக. இரவு பத்து மணிக்கு மத்ராவில் பெண்கள் தனியாக நடப்பதை நீங்களே பார்ப்பீர்கள். தோளும் முட்டியும் மூடிய உடை போதும். யாரையும், குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். டிரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதுகூடச் சட்டப்படி தப்பு. சாலையில் கோபத்தில் கை காட்டுவதும் வசைபாடுவதும் காவல் நிலையம் வரை போகும், நம்மூர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

லுபான். சலாலா இருக்கும் தோஃபார் பகுதியின் மலைச்சரிவுகளில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் தூபப் பிசின், மலையாளிகள் குந்திரிக்கம் என்பார்கள். வெளிறிய பச்சை கலந்த, ஒளி ஊடுருவும் கட்டிகள்தான் உயர்ந்த ரகம், பெயர் ஹோஜாரி. பழுப்பாக, தூளோடு இருந்தால் விலை குறைவு, அன்றாடப் புகைக்கு அது போதும். சின்ன மண் தூபக்காலும் கரி வில்லையும் சேர்த்தே விற்பார்கள். தூபக்காலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் ஊர் போய்ச் சேரும்போது ஓடாகத்தான் இருக்கும்.

அடுத்தது அல்வா. நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் கிண்டுவது. இலங்கை முஸ்லிம் வீடுகளில் ‘மஸ்கட்’ என்றே ஓர் இனிப்பு உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டுவதற்கு மஸ்கோத் அல்வா என்று பெயர். முதலூர்க்காரர் ஒருவருக்கு இங்கத்து அல்வாவைக் கொடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார்.